துண்டுக்குள் விலை, தெருவில் சண்டை

2004 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாடு கூடியது. டிம் ஓ'ரெய்லி என்கிற பதிப்பாளரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்தியது. 'வெப் 2.0' என்ற பெயர் ஊர் உலகத்துக்குப் பரவியது அங்கிருந்துதான். சாரம் இவ்வளவுதான்: இதுநாள் வரை இணையத்தில் கம்பெனி பேசியது, சனம் கேட்டது, இனிமேல் சனமும் பேசும். தொழிலதிபர்கள் பலருக்கு இது தூக்கத்தைக் கெடுத்த சேதி. வாங்கினவன் வாயைத் திறப்பானா? சம்பளம் வாங்குகிறவன் கேள்வி கேட்பானா? ஆளுக்கொரு ஆலோசகரைப் பிடித்து, மணிக்கணக்கில் காசு கொடுத்து, இந்த ஆபத்தைச் சமாளிப்பது எப்படி என்று படித்தார்கள்.

மேச்சேரி ஆட்டுச் சந்தையில் ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. அங்கே செம்மறியைத் தவிர மற்ற அத்தனை பேரும் ஆதிநாள் தொட்டுத் திருப்பிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓமலூரிலிருந்து மேட்டூர் போகிற வழியில் இருக்கிற இந்த ஊருக்கு இரண்டு பெருமை. ஒன்று பத்ரகாளியம்மன். இன்னொன்று ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிற மேச்சேரி ஆடு. வெளிர் பழுப்பு நிறம், குட்டை முடி, கொம்பு கிடையாது, கறிக்கென்றே வளர்க்கிற இனம். தோலுக்கு வியாபாரிகளிடம் தனி மரியாதை. பக்கத்தில் பொட்டனேரியில் 1978 முதல் இதற்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையமே நடக்கிறது. சேலத்துக்காரர்கள் எத்தனையோ பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள்மேல் ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் கட்டடம் கட்டவில்லை.

இந்தச் சந்தையில் வாடிக்கையாளர் கருத்து எப்படிப் பதிவாகும் என்று பார்த்துவிடுவோம். வாங்க வந்தவர் முதலில் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். வயசு அதில் தெரிந்துவிடும். பிறகு முதுகில் கையை வைத்து ஓர் அழுத்து. பிறகு முன்னங்காலைச் சேர்த்துப் பிடித்து ஒரு தூக்கு. அதன் பிறகு நாலு பேர் காதில் விழும்படி தீர்ப்பு: "உரிச்சா பன்னெண்டு கிலோ நிக்காதுங்க."

விற்கிறவர் விடுவாரா? "ஏனுங்க, நீங்க தூக்குனது ஆட்டையா, எம்பட பேரனையா?"

பக்கத்தில் நிற்கிற, இந்த வியாபாரத்தில் அஞ்சு பைசா சம்பந்தமில்லாத ஒருவர் உள்ளே வருவார். "பதிமூணு நிக்கும் மாமா, நம்பி எடுங்க." இன்னொருவர், "போன வாரம் இவருகிட்ட எடுத்த கிடா எனக்கு ஒம்போதுதான் நின்னுச்சு" என்று போட்டு உடைப்பார். சிலிக்கான் பள்ளத்தாக்கில் கோடிகளைக் கொட்டிக் கட்டிய நட்சத்திர மதிப்பீடு, விமர்சனப் பகுதி, 'இது உங்களுக்கு உதவியாக இருந்ததா' என்ற பொத்தான், காசு வாங்கிக்கொண்டு புகழ்கிற போலி விமர்சகர், எல்லாம் இந்த நாலு வாக்கியத்துக்குள் அடக்கம். அந்த 'நம்பி எடுங்க' மாமா யாருடைய ஆள் என்பது சந்தைக்கே தெரியும்.

தரத்தைப் பற்றி ஊர் கேட்கச் சண்டை போடுகிறவர்கள், விலை என்று வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வதையும் கவனிக்க வேண்டும். கொங்குப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைகளுக்கு மேல் போடுவார். துண்டுக்குக் கீழே விரல்கள் பேசும். ஒரு விரல் என்றால் நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். துண்டுக்கு மேலே இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவன் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை ரகசியம் காக்கப்படுகிறது என்று இன்றைக்கு செயலிகள் பீற்றிக்கொள்கின்றனவே, அதைப் பருத்தித் துண்டில் செய்து முடித்துவிட்டார்கள் நம்மவர்கள். சர்வர் செலவு கிடையாது. துவைத்தால் போதும்.

ஆக, சந்தையின் சட்டம் தெளிவானது. விலை ரகசியம், குறை பகிரங்கம். பின்னால் வந்த கம்பெனிகள் எல்லாம் இதை அப்படியே தலைகீழாக்கப் பார்த்துத்தான் மாட்டிக்கொண்டன. விலையைப் பெரிய எழுத்தில் விளம்பரம் போட்டன; குறையைக் காதோடு காதாக வந்து சொல்லச் சொன்னன.

சேலம் சீமைக்கு வந்த முதல் பெரிய கம்பெனி, சாதாரணக் கம்பெனி அல்ல. லண்டனில் பங்குதாரர் கூட்டம் நடத்தி, இங்கே பீரங்கி வைத்திருந்த கம்பெனி. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. வாடிக்கையாளர்களைப் பிடிக்க இப்படி ஒரு சுலப வழி அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்கும் வாய்க்கவில்லை. நிர்வாகத்துக்குக் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பவரை அனுப்பினார்கள். உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இருவரும் பட்டாளத்து ஆட்கள். காரணம் சுவையானது. கம்பெனியின் வருவாய் அதிகாரிகளில் உள்ளூர் பாஷை தெரிந்தவர்கள் சொற்பம். அந்தப் பாஷை தெரிந்த சிப்பாயே மேல் என்று கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் முடிவு செய்தார். வாடிக்கையாளரின் மொழி தெரியாத சேவை மையத்தைப் பற்றி இன்றைக்கு நாம் புலம்புகிறோம். அந்தப் பிரச்சினை 1792-லேயே கம்பெனியின் கவனத்துக்குப் போய்விட்டது. தீர்வாக அவர்கள் அனுப்பியது துப்பாக்கி வைத்திருந்த ஆளை என்பது வேறு கதை.

ரீடும் மன்றோவும் ஒரு புரட்சி செய்தார்கள். இடைத்தரகர் வேண்டாம், வயல் வயலாக அளந்து குடியானவனிடமே நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்வோம் என்றார்கள். ரயத்துவாரி என்ற அந்த முறை இங்கேதான் உருண்டு திரண்டது. ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் தனிக் கணக்கு, அவனுக்கு எவ்வளவு நிலம், என்ன விளைச்சல், எவ்வளவு கறக்கலாம் என்று முழு விவரம். இன்றைக்கு இதற்கு மென்பொருள் விற்கிறார்கள். அன்றைக்கு ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் இருந்தார். கர்ணத்துக்கு 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்ற வசதி தேவைப்படவில்லை. ஏனென்றால் அவர் எதையும் மறக்கிறவர் இல்லை, அண்ணன் தம்பி பாகத் தகராறு உட்பட.

தொடர்பு நேரடியானதுதான். ஆனால் அது ஒரே திசையில் ஓடியது. கம்பெனி கேட்கும், குடியானவன் கொடுப்பான். வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி என்று மேசை போட்டு உட்காருவார்கள். அன்றைக்கு மனு கொடுக்கலாம், கும்பிடலாம், அழலாம். அந்த ஜமாபந்தி இன்றும் தாலுகா அலுவலகங்களில் நடக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து ஓடுகிற வாடிக்கையாளர் சேவை முகாம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று கின்னஸ்காரர்கள் விசாரிக்கலாம்.

இதிலே பெரிய வேடிக்கை, ரீட் ஊரைவிட்டுப் போன சில வருஷங்களில் நடந்தது. 1800-களின் தொடக்கத்தில் கம்பெனி மனம் மாறி, சேலம் சீமையை மிட்டா என்கிற எஸ்டேட்டுகளாகப் பிரித்து, ஏலம் விட்டு, மிட்டாதார்கள் கையில் கொடுத்தது. அதாவது, வாடிக்கையாளரோடு நேரடி உறவு என்று பத்து வருஷம் மேளம் கொட்டிவிட்டு, கடைசியில் டீலரிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மன்றோ 1820-ல் சென்னை மாகாண கவர்னராக வந்து மறுபடியும் ரயத்துவாரிக்கு உயிர் கொடுத்தார். தலைமை மாறும்போதெல்லாம் 'இனி வாடிக்கையாளரே மையம்' என்று ஒரு சுற்றறிக்கை வருகிற வழக்கம் அங்கிருந்து வந்ததாகவே நான் நம்புகிறேன்.

நூறு வருஷத்துக்கு மேல் தாண்டிவிடுவோம். 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது. 1936-ல் அதன் அடியில் மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்தது. மேச்சேரி, கொளத்தூர், நங்கவள்ளி பக்கத்து ஆட்கள் ஆட்டுப் பட்டியை விட்டு ஷிப்ட் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். தொழிற்சாலை யுகத்தில் நிர்வாகம் தொழிலாளியோடு பேசுவதற்கு ஒரு கருவி வைத்திருந்தது. அதன் பெயர் நோட்டீஸ் போர்டு. கண்ணாடிக் கதவு, பூட்டு, சாவி நிர்வாகத்திடம். தொழிலாளி திருப்பிப் பேசுவதற்கு ஒரு இடம் இருந்தது, வாயிற்கூட்டம். பூட்டு கிடையாது, மைக் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஆலோசனைப் பெட்டி என்று ஒரு தகரப் பெட்டி எல்லா ஆலைகளிலும் தொங்கும். அதில் விழுந்தது பெரும்பாலும் பீடித் துண்டு. பஸ்ஸில் புகார்ப் புத்தகம், தபால் ஆபீசில் கயிறு கட்டிய பேனா, ரேஷன் கடையில் பதிவேடு. பேனா இருந்தால் மை இருக்காது, இரண்டும் இருந்தால் புத்தகம் மேலதிகாரியிடம் போயிருக்கும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். ஒரு கடிதத்தைத் திறப்பதற்குள் மேச்சேரியிலிருந்து ஓமலூருக்கு மிதிவண்டியில் போய் நேரிலேயே சொல்லிவிட்டு வரலாம். அடுத்த சில ஆண்டுகளில் நம் தொழிலதிபர்கள் வலைத்தளம் தொடங்கினார்கள். முகப்பில் ஸ்தாபகர் தாத்தாவின் மாலை போட்ட படம். அதற்குக் கீழே ஓடுகிற எழுத்தில் நல்வரவு. ஓரத்தில் வந்தவர் எண்ணிக்கை காட்டும் மீட்டர். அதில் பாதி, முதலாளியின் மகன் தினமும் திறந்து பார்த்ததால் ஏறியது. 'எங்களைத் தொடர்புகொள்ள' என்றொரு பக்கம் இருக்கும். அதில் கடிதம் எழுதியவர்கள் இன்றும் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். நோட்டீஸ் போர்டுக்கு மின்சாரம் கொடுத்தார்கள், அவ்வளவே.

வாடிக்கையாளர் பேசினால் என்ன ஆகும் என்பதைத் தெரியாத்தனமாகக் கண்டுபிடித்தவர் முருகவேல் ஜானகிராமன். அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, 1997-ல் தமிழர்களுக்காக ஒரு வலைத்தளம் தொடங்கினார். தமிழ் நாள்காட்டி, பண்டிகை நினைவூட்டல் என்று பல சமாச்சாரம். ஓரத்தில் ஒரு வரன் பகுதி. வந்த கூட்டம் முழுக்க ஓரத்துக்குத்தான் போனது. அமாவாசை எந்தத் தேதி என்று பார்க்க வருகிற மாதிரி வந்து, பொண்ணு பார்த்துவிட்டுப் போனார்கள். முருகவேல் புத்திசாலி, நாள்காட்டியை இன்னும் அழகாக்குகிறேன் என்று உட்காராமல் கூட்டம் போன திசையில் போனார். பாரத் மேட்ரிமோனி பிறந்தது. தனக்கும் அங்கேயே பெண் பார்த்துக்கொண்டார். சொந்தச் சரக்கைத் தானே சாப்பிட்டுக் காட்டிய ஓட்டல்காரர்களை நான் எப்போதும் மதிப்பேன்.

ஊழியர்கள் கதைக்கு வருவோம். திருச்செந்தூர்ப் பக்கத்துச் சிவ் நாடார் ஆரம்பித்த எச்.சி.எல். குழுமத்தில், எச்.சி.எல். டெக்னாலஜீஸின் தலைவராக 2005-ல் வினீத் நாயர் வந்தார். வந்தவர் 'ஊழியரே முதல், வாடிக்கையாளர் அடுத்து' என்றார். இதைச் சொன்னதோடு நின்றிருந்தால் சுற்றறிக்கையோடு போயிருக்கும். மனிதர் செய்துவிட்டார். ஊழியர் எவரும் தலைவரையே கேள்வி கேட்கலாம், கேள்வியும் பதிலும் எல்லாருக்கும் தெரியும் என்று உள் இணையத்தில் ஒரு பகுதி திறந்தார். குவிந்ததெல்லாம் குறை. நம் அழுக்குத் துணியை நாமே நடுத்தெருவில் உலர்த்துவதா என்று மேலாளர்கள் பதறினார்கள். அடுத்து, ஊழியர்கள் நிர்வாகத்தின் மீது டிக்கெட், அதாவது புகார்ச் சீட்டு, போடலாம் என்றார். நாற்காலி உடைந்திருக்கிறது, படிப்பணம் வரவில்லை, எதுவானாலும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த டிக்கெட்டை மூடுகிற அதிகாரம் மேலாளருக்குக் கிடையாது, போட்ட ஊழியருக்குத்தான். நம் ஊரில் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்து விழுகிறபோது தெருவிளக்கு இருட்டாகத்தான் நிற்கும். அதை நினைத்துப் பார்த்தால் இந்த ஒரு நுணுக்கத்தின் அருமை தெரியும்.

நாயர் தன்னைப் பற்றிய கீழிருப்பவர்களின் மதிப்பீட்டையும் எல்லாரும் பார்க்க வெளியிட்டார். போதாததற்கு, தன் பிரச்சினைகளை எழுதிப் போட்டு, 'நீங்களே வழி சொல்லுங்கள்' என்று ஊழியர்களிடமே கேட்டார். இது முதலாளித்துவத்தின் உச்சகட்ட சாமர்த்தியம். முதலாளி வேலையையும் தொழிலாளியே பார்த்துக்கொடுப்பது.

இப்போது உடைந்த சாமான்களின் அத்தியாயம். வணிக வரலாற்றைப் புரட்டிப் போட்ட பொருள்கள் இரண்டு. ஒரு கிதார், ஒரு டிவி. கிதார் கனடாக்காரர் டேவ் கேரல் என்பவருடையது. 2008 மார்ச்சில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் போனபோது, மூட்டை ஏற்றுகிறவர்கள் வீசிய வீச்சில் உடைந்தது. ஒன்பது மாதம் அலைந்தார். கம்பெனி கைவிரித்தது. 2009 ஜூலையில் அதைப் பாட்டாகப் பாடி யூடியூபில் ஏற்றினார். சில நாட்களில் உலகமே பார்த்தது. கம்பெனி ஓடி வந்தது. பாட்டுக்காரனின் கிதாரை உடைத்துவிட்டு அவன் பாடமாட்டான் என்று நம்பினார்களே, அந்த அப்பாவித்தனத்தை என்னவென்று சொல்ல.

டிவி திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் வாங்கியது. அமெரிக்காவில் ஆஸ்டினிலிருந்து சென்னைக்குக் குடிமாறி வந்தபோது, கப்பலில் வந்த சாமானில் எல்.சி.டி. டிவி உடைந்து கிடந்தது. சாமானை அனுப்பிவைத்த கம்பெனியிடம் காப்பீட்டுப் பணம் கேட்டு மாதக்கணக்கில் மின்னஞ்சல், போன். பதில் இல்லை. கடைசியில், நாடு திரும்புகிற இந்தியர்கள் கூடிப் பேசுகிற ஓர் இணையத் திண்ணையில் போய் நடந்ததை எழுதிப் போட்டார். அந்தக் கம்பெனிக்கு வாடிக்கையாளர் வருகிறதே அந்தத் திண்ணையிலிருந்துதான். மறுநாளே கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பணம் வந்தது.

மாதக்கணக்கில் கேட்காத காது ஒரே நாளில் கேட்டது. கிரீஷ் எழுதிய விஷயம் மாறவில்லை, டிவியும் தானாக ஒட்டிக்கொள்ளவில்லை. நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் மாறியது. மேச்சேரியில் 'ஒம்போதுதான் நின்னுச்சு' என்று ஒருவர் உரக்கச் சொன்னாரே, அதே மருந்துதான்.

மற்றவர்களாக இருந்தால் புது டிவி வாங்கிக் கிரிக்கெட் பார்த்திருப்பார்கள். கிரீஷ் ஏற்கெனவே ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தில் துணைத் தலைவர். வாடிக்கையாளர் சேவை மென்பொருள் அவருக்குப் பழகிய சங்கதி. 2010-ல் அமெரிக்க சேவை மென்பொருள் நிறுவனம் ஒன்று விலையைத் தடாலடியாக ஏற்ற, வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொதித்தார்கள். 'இது இன்னொருத்தருக்கு நல்ல வாய்ப்பு' என்று யாரோ ஒரு வாசகர் போகிற போக்கில் எழுதினார். அது கிரீஷின் கன்னத்தில் அறையாக விழுந்தது. அந்த அக்டோபரில் சென்னையில் பிரெஷ்டெஸ்க் தொடங்கியது. கோபமான வாடிக்கையாளர் எந்தத் திண்ணையில் நின்று கத்தினாலும் கம்பெனிக்குக் கேட்கும்படி குழாய் போடுவது அதன் வேலை. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. பிறகு பெயர் பிரெஷ்வொர்க்ஸ் ஆனது. 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலானது. அந்தப் பங்கு வெளியீட்டுத் திட்டத்துக்கு உள்ளுக்குள் வைத்த பெயர் 'சூப்பர் ஸ்டார்'. கிரீஷ் ரஜினி ரசிகர். ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் அன்றைக்குக் கோடீஸ்வரர்கள் என்று அவரே அறிவித்தார். சாமானை இறக்கும்போது டிவியைப் பதமாக வைத்திருந்தால் இத்தனை குடும்பம் கெட்டிருக்கும்.

இதற்கிடையில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மேச்சேரிப் பட்டிகளுக்கும் இணையம் வந்து சேர்ந்தது. ஆடு இப்போது வாட்ஸ்அப்பில் நிற்கிறது. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு நடை என்று வீடியோ. சினிமாப் பாட்டுப் பின்னணி. கருத்துப் பகுதியில் பழைய மாமாக்கள் எல்லாரும் ஆஜர்: "பதினஞ்சு நிக்கும்", "பழைய வீடியோ", "ஆடு நல்லா இருக்கு, ஓனரு சரியில்ல". கடைசியில் விற்கிறவர் எழுதுகிறார்: 'விலைக்குத் தனியாக மெசேஜ் பண்ணவும்.'

துண்டு போட்டாச்சு!

நாமக்கல் முட்டைக்கும் இதே விதிதான். வியாபாரிகள் சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டு நொந்துபோன பண்ணையாளர்கள், பி.வி. ராவ் தலைமையில் 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள். எங்கள் முட்டைக்கு எங்கள் விலை என்பது கொள்கை. இன்றைக்கு நாமக்கல் மண்டல விலை அறிவித்த நிமிஷத்தில் தமிழ்நாடு, கேரளா முழுக்கக் கைபேசிகள் அலறுகின்றன. ஆனால் அறிவித்த விலையிலிருந்து எவ்வளவு குறைத்துக் கோழிப்பண்ணை வாசலில் எடுப்பது என்று 'மைனஸ்' ஒன்று புழங்கி வந்தது. பகிரங்க விலை பத்திரிகைக்கு, மைனஸ் துண்டுக்குள்.

ஊழியர்களோடு உரையாட நம் ஊர் முதலாளிகளும் வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். காலையில் முருகன் படம், மதியம் டார்கெட், மாலையில் திட்டு. கீழே வரிசையாக 'ஓகே சார்', 'நோட்டட் சார்', கட்டைவிரல், கும்பிடு. ஒருநாள் யாரோ போனஸ் பற்றிக் கேட்டுவிட்டார். 2018-ல் வாட்ஸ்அப் 'அட்மின் மட்டுமே எழுத முடியும்' என்றொரு வசதி கொண்டுவந்தது அல்லவா, அதை அந்த நிமிஷமே முதலாளி கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடிக் கதவும் பூட்டும் திரும்பி வந்தன. தொழிலாளிகள் முதலாளி இல்லாத இன்னொரு குழுவைத் தொடங்கினார்கள். உண்மையான உற்பத்திப் பிரச்சினைகள், எந்த மெஷின் கட்டை போடுகிறது, எந்தச் சூப்பர்வைசர் கணக்கில் கை வைக்கிறார் என்பதெல்லாம் அந்த வாயிற்கூட்டத்தில்தான் அலசப்படுகின்றன. முதலாளிக்கு அது தெரியும். உள்ளே ஒரு ஆளையும் வைத்திருக்கிறார்.

வாடிக்கையாளருக்கு இப்போது பாட் என்கிற பதில் எந்திரம் வந்திருக்கிறது. 'வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?' என்று கேட்கும். நீங்கள் சொன்னால், மன்னிக்கவும் புரியவில்லை என்று மறுபடியும் வணக்கம் சொல்லும். வினாடிக்குள் பதில் வருகிறது, பதிலில் ஒன்றும் வருவதில்லை. தொடர்பு நேரடி, திசை ஒன்று. அலெக்ஸாண்டர் ரீட் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். மன்றோவுக்காவது பாஷை தெரிந்திருந்தது.

ஆகவே மகாஜனங்களே, உங்கள் டிவியோ மிக்சியோ உடைந்து வந்தால் கம்பெனிக்குத் தனியாகக் கடிதம் எழுதி நாளைக் கடத்தாதீர்கள். பில்லில் இருக்கிற முகவரி, போன் நம்பரை மறைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி, கெட்ட வார்த்தை இல்லாமல், நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது.